பதினான்காவது நிபந்தனை

பொன்னரசி மில்லின் பெண்கள் ஹாக்கி அணிக்கு நான் ஆறு வருஷம் சென்டர் ஹாஃப் ஆடினேன். கடைசி இரண்டு வருஷம் கேப்டன். சென்டர் ஹாஃப் என்றால் நடு மைதானத்தில் நின்று முன்னால் ஓடுகிறவளுக்குப் பந்து கொடுக்க வேண்டும், பின்னால் ஓடிவந்து தடுக்க வேண்டும், தோற்றால் எல்லாருடைய ஏச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கோல் அடிக்கிறவள் படம் பேப்பரில் வரும். எனக்கு முழங்காலுக்குக் கீழே பதினோரு தழும்பு வந்திருக்கிறது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

2008 ஏப்ரலோடு என் ஒப்பந்தம் முடிந்திருந்தது. மே மாதம் ராமேஸ்வரத்தில் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பால்சாமி, தனுஷ்கோடிக்கு மணலுக்குள் ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். வேன் அவருடையது இல்லை. பாம்பன் வாவு முகம்மது என்பவருடைய வேனைக் கூலிக்கு ஓட்டினார். சொந்தமாக ஒரு வேன் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. தூக்கத்தில்கூட கியர் போடுவார்.

அப்போதுதான் மில்லிலிருந்து வீரபத்திரன் சார் போன் செய்தார். மில்லில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், எங்கள் அணிக்கும் அவர்தான் மேனேஜர்.

"இருளம்மா, உன் கான்ட்ராக்ட்டை அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்க முதலாளி ஒத்துக்கிட்டாரு. இப்ப வாங்குற சம்பளத்துக்கு மூணு மடங்கு. முன்பணம் அஞ்சு லட்சம். நானே நேர்ல கொண்டாரேன். எங்களுக்கும் அங்க ஒரு பிரதிஷ்டை இருக்கு."

என்ன பிரதிஷ்டை என்று நான் கேட்கவில்லை. ராமேஸ்வரத்துக்காரிக்கு அதைக் கேட்கவே வேண்டாம். இங்கே வருகிற கூட்டத்தில் பாதி, செத்துப்போனவர்களுக்குத் திதி கொடுக்க வரும். மீதியில் நிறையப் பேர் பிள்ளை கேட்டு வருவார்கள். கடலிலும் கோயில் தீர்த்தங்களிலும் முழுகிவிட்டு, இரண்டு பாம்பு பின்னிக்கொண்டிருக்கிற கல்லை மரத்தடியில் நட்டு, பாலூற்றிக் கும்பிட்டுப் போவார்கள். நாக பிரதிஷ்டை. வீரபத்திரன் சாருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பது அணியில் எல்லாருக்கும் தெரியும்.

சார் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திருச்சியில் என் விரல் முறிந்தபோது விடிய விடிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஓசிக்குக் கிடைத்த கிழிந்த ஷூவோடு ஆடிக்கொண்டிருந்த பதினெட்டுப் பெண்களுக்கும் முதலாளியிடம் சண்டை போட்டுப் புது ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான்.

சாரும் அவர் மனைவியும் வந்த அன்றைக்குக் காலையிலேயே அவர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனோம். சார் முன்னால் பால்சாமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி இராமலட்சுமி அம்மா பின்னால் என் பக்கத்தில். வேன் மணலில் குதித்த குதியில் அந்த அம்மா என் கையைப் பிடித்தது, பிறகு விடவே இல்லை.

"உனக்கு எத்தனை குழந்தை கண்ணு?"

"இன்னும் இல்லம்மா. ரெண்டு வருசந்தான் ஆச்சு."

அந்த அம்மா முகம், சொந்தக்காரியைக் கண்டதுபோல மாறிவிட்டது. "அப்படின்னா நாளைக்கு உன் பேருக்கும் ஒரு கல்லு வைக்கச் சொல்றேன். செலவைப் பத்தி நினைக்காதே. ஒண்ணா வேண்டிக்கலாம். ஒருத்திக்குக் கேக்கறதை விட ரெண்டு பேருக்குக் கேட்டா சாமிக்கும் இரக்கம் வரும்."

அங்கேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது என் தப்பு. எனக்குப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை காலைக் கட்டிக்கொண்டால் வேண்டும் போல இருக்கும். மைதானத்தில் விசில் ஊதிவிட்டால் அப்படி ஒரு நினைப்பே இருக்காது. இதை எட்டு வருஷம் ஏங்கின ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி வைத்தேன்.

மத்தியானம் லாட்ஜில் சார் காகிதத்தை நீட்டினார். பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

"எங்கெங்க கையெழுத்துன்னு பென்சில்ல குறிச்சிருக்கேன். ஆனா இப்ப போடாதே, ராகுகாலம். நாளைக்குக் காலைல பிரதிஷ்டை முடிஞ்ச கையோட அந்தக் கல்லு முன்னாடியே வச்சுப் போட்டுறலாம். மங்களமா இருக்கும்."

"படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன் சார்."

சார் சிரித்தார். "மூணு தடவை போட்டிருக்கியே, என்னிக்குப் படிச்சே?"

உண்மைதான். மூன்று தடவையும் படிக்காமல்தான் போட்டேன். எங்கள் கோல்கீப்பர் காலிதாவும் அப்படித்தான் போட்டாள். கீழக்கரைக்காரி. நாலு வருஷம் எங்கள் கோல் வலையைக் காத்தவள். போன வருஷம் உண்டானதும், வெள்ளந்தியாக மேனேஜரிடமே போய் விஷயத்தைச் சொல்லி லீவு கேட்டாள். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, உடல் தகுதி இல்லை என்று ஒரு வரி எழுதி மூன்றாம் நாள் பஸ் ஏற்றி விட்டார்கள். போகும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அல்லாவுக்காக, அடுத்த தடவை படிச்சுட்டுப் போடுடி."

வீட்டுக்கு வந்து டிக்ஷனரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் படித்த இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. சம்பளம் சரி. முன்பணம் சரி. தங்க வீடு, அதுவும் சரி. ஏழாம் பக்கத்தில் பதினான்காவது நிபந்தனை வந்தது. அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.

ஒப்பந்தக் காலமான ஐந்து வருடத்தில் வீராங்கனை கருத்தரிக்கக் கூடாது. மாதந்தோறும் கம்பெனி டாக்டரிடம் அதற்கான சோதனை செய்துகொள்ள வேண்டும். மீறினால் ஒப்பந்தம் அன்றே ரத்தாகும், முன்பணத்தை வட்டியோடு கட்ட வேண்டும். இதற்குக் கணவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதாமாதம் சோதனையாம். வேனுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் எஃப்சி சோதனை.

சாயங்காலம் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து என் அய்யா கூத்தையா வந்து இறங்கினார். மகளுக்குப் பெரிய சம்பளம் என்று பால்சாமி போனில் சொல்லியிருக்கிறார். ஒரு பை நிறைய மிளகாய் வற்றலும், முகம் நிறையச் சிரிப்புமாக வந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பதினான்காவதைப் படித்துக் காட்டினேன்.

அய்யா கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "ஆத்தா, மழையப் பாத்து மொளகா போடுற சம்சாரி நான். வருசம் பூரா பாடுபட்டாலும் ஒன் ஒரு மாசச் சம்பளம் மிஞ்சாது. பிள்ளை எங்கன ஓடிப்போகுது? அஞ்சு வருசங் கழிச்சுப் பெத்துக்க."

"அய்யா, போன வருசம் ஏன் இன்னும் உண்டாகலைன்னு கேட்டு ஏர்வாடிக்கும் உத்தரகோசமங்கைக்கும் என்னைய இழுத்துட்டு அலைஞ்சது யாரு?"

"அப்ப அஞ்சு லட்சம் இல்லையே ஆத்தா" என்றார். அய்யாவுக்குப் பொய் சொல்ல வராது.

நான் பால்சாமியைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு திடுக்கிடலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?"

"சார் போன வாரம் போன்ல சொன்னாரு. புருசன் சம்மதம் வேணும்னாரு. சரின்னு சொன்னேன்."

"என்னையக் கேக்காமயா?"

"நீதான இப்ப வேணாம், இப்ப வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்க? நீ சொல்றதத்தான அவுக எழுதிருக்காக? வேணாங்கிறதுக்கு அஞ்சு லட்சம் குடுத்தா வாங்கிக்கிட்டுப் போவியா, அதுக்குப் போயி சண்டை போடுறியே?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. ஆத்திரம் இன்னும் கூடினதற்கு அதுதான் காரணம்.

"வேணாம்னு நான் சொன்னா, நாளைக்கு வேணும்னும் நான் சொல்லலாம். இதுல எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எனக்கு வாயே இருக்காது மச்சான்."

"வேன் பாத்து வச்சிருக்கேன் இருளம்மா. காரைக்குடியில. ஒரே ஓனர் ஓட்டுனது." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. எழுந்து போய்ச் சோறு வடித்தேன்.

மறுநாள் காலையில் அய்யாவை வீட்டில் விட்டுவிட்டு அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயில் தீர்த்தமெல்லாம் ஆடி, ஈரம் மாற்றிக்கொண்டு ஒரு மடத்துக்குப் பின்னால் இருந்த அரசமரத்தடிக்கு வந்தோம். மரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பாம்புக் கல். எங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி முடித்துக்கொண்டு போனது. பின்னால் நாலு ஜோடி காத்துக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் இரண்டு கல் மஞ்சள் பூசித் தயாராக இருந்தது. இராமலட்சுமி அம்மா சொன்னபடியே எனக்கும் ஒன்று வாங்கியிருந்தது.

சாஸ்திரி முதல் கல்லை நட்டுப் பாலூற்றினார். அந்த அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது. உதடு மட்டும் அசைந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் கல்லுக்கே மனசு இளகியிருக்கும். சார் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

சாஸ்திரி இரண்டாவது கல்லைத் தொட்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அந்த அம்மா என் முதுகைத் தடவி முன்னால் தள்ளியது. முழுகப் போகுமுன் நனையாமலிருக்க நான் சாரிடம் திருப்பிக் கொடுத்திருந்த ஒப்பந்தத்தை, அதே நேரத்தில் அவர் பையிலிருந்து எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பால் வழிந்துகொண்டிருந்த கல்லுக்கு முன்னால் பயபக்தியோடு வைத்தார். பேனாவையும் அதன் மேல் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷனுக்கு அதில் எதுவும் உறுத்தவே இல்லை. பிள்ளை கொடு என்று நட்ட கல்லிடமே, பிள்ளை பெறக் கூடாது என்ற காகிதத்துக்கு ஆசீர்வாதம் கேட்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் குனிந்து காகிதத்தை எடுத்தேன். ஏழாம் பக்கத்தைத் திருப்பினேன். கணவர் என்று போட்டிருந்த இடத்தில் பால்சாமி என்று கோணல்மாணலாக ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. நாங்கள் பொம்பளைகள் முழுகப் போயிருந்த நேரத்தில் போட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். அவர் வேன் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் படித்தேன். தமிழில், நிறுத்தி, பதினான்காவதை முழுக்கப் படித்தேன். பத்து வருஷம் மைதானத்தில் கத்தின தொண்டை. காத்திருந்த நாலு ஜோடியும் திரும்பிப் பார்த்தது. சாஸ்திரி கையில் பால் செம்பு அப்படியே நின்றது.

"இருளம்மா, என்ன இது, சாமி முன்னாடி?" என்றார் சார்.

"சாமி முன்னாடி வச்சது நீங்கதான சார்? சாமிக்கு இங்கிலீஷ் தெரியுமோ தெரியாதோ, அதான் தமிழ்ல சொன்னேன்."

சாஸ்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நட்சத்திரம்?" என்று மெதுவாக மறுபடி கேட்டார்.

நான் இராமலட்சுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, ஒங்க மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனா இந்தக் கல்லும் எனக்கு வேணாம். எனக்கு வேணும்னு நான் இன்னும் கேக்கல. நேத்தே சொல்லிருக்கணும், மன்னிச்சிருங்க."

அந்த அம்மா என்னைத் திட்டும் என்று நினைத்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. கண் காகிதத்தின் மேலேயே இருந்தது.

சார் என் முழங்கையைத் தொட்டு இரண்டடி தள்ளிக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார். "சரி, கோவப்படாதே. உனக்கு மட்டும் அதை அடிச்சுடறேன். இப்பவே. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். மத்தது எல்லாம் அப்படியே. சம்பளம், முன்பணம், எல்லாம். போதுமா?"

பேனாவைத் திறந்து பதினான்காவதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தே விட்டார். பால்சாமி நிமிர்ந்தார். அவர் முகத்தில் காரைக்குடி வேன் வந்து நின்றது. எனக்கும் சபலம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வயது இருபத்தைந்து. அந்த அஞ்சு வருஷம்தான் நான் நன்றாக ஆடப்போகிற அஞ்சு வருஷம். கோடு போட்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்டால் எல்லாம் கிடைத்துவிடும்.

"மத்த பதினேழு பேருக்கு சார்?"

"அது கம்பெனி ரூல். காலிதா பாதியில போனதால ஒரு கப்பே போச்சு, தெரியும்ல? அதுக்காகத்தான் நானே யோசிச்சு இதைச் சேர்த்தேன். உன் வேலையை நீ பாரு."

"நான் கேப்டன் சார். அது என் வேலைதான்."

"இருளம்மா, இது மாதிரி இன்னொருத்தன் குடுக்க மாட்டான். இதை விட்டா எங்க போயி ஆடுவே?"

"தெரியல சார். எங்க ஆடுனாலும் ஒங்க டீமுக்கு எதிராத்தான் ஆடுவேன்."

ஏழாம் பக்கத்தைப் பிய்த்தேன். பால்சாமியின் கையெழுத்து இருந்த பக்கம். நாலாகக் கிழித்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மீதிப் பத்துப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன்.

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "நன்றி கெட்டவ. உன்னை மாதிரி நூறு சென்டர் ஹாஃப் வருவா" என்று சத்தம் போட்டார். "ஒரு சோதனைக்கு இவ்வளவு ஆட்டமா? மாசத்துக்கு ஒரு நாள், அஞ்சு நிமிஷ வேலை. அதுல என்ன மானம் போகுது?"

அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை. இராமலட்சுமி அம்மா. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"அஞ்சு நிமிஷ வேலைதானுங்களே? எட்டு வருஷத்துல அந்த டாக்டரம்மா எத்தனை தடவை உங்களை வரச் சொல்லிச்சு? என் உடம்புல ஊசி ஏறாத இடம் இல்லைங்க. உங்களை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சோதிச்சுக்கச் சொன்னதுக்கு, ஆம்பளையைப் போயி சோதிக்கறதான்னு கேட்டு என்னையக் கல்லு நட இங்க கூட்டிட்டு வந்தீங்க. பதினெட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும் மாசாமாசம் சோதனை எழுதத் தெரிஞ்சுதுங்களா?"

காத்திருந்தவர்களில் ஒரு பொண்ணு, தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் சட்டென்று மரத்தைப் பார்த்தான். காகிதத்திலிருந்த மஞ்சள் அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் தெருவைப் பார்க்க நடந்தது.

நானும் பால்சாமியும் வேனில் ஏறினோம். அவர் சாவியைப் போட்டார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரைக்குடி வேன் போனது. வேலை போனது. பத்து வருஷமாக விடியற்காலையில் எழுந்து ஓடின ஓட்டமெல்லாம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கிழித்ததற்காக ஒரு துளிகூட வருத்தம் இல்லை.

"கோடு போட்டுக் குடுத்தப்பறமுமா?" என்றார் கடைசியில்.

"கோடு எனக்கு மட்டுந்தான மச்சான் போட்டாரு."

"ஏன், நான் போட்டது அம்புட்டுப் பெரிய தப்பா?"

"ஆமா."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சரி, வேலைய விட்டாச்சு. இப்பயாவது சொல்லு. ஒனக்குப் பிள்ளை வேணுமா, வேணாமா?"

"தெரியல மச்சான். தெரியிற அன்னிக்கு மொதல்ல ஒங்ககிட்டத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் என் ஒடம்புக்கு நீங்க யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுக்காதீங்க."